ஸ்வீடிஷ் படிக்கத் தமிழ்வழி நூல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடு போகிறவர்களுக்கு மொழிப் பயிற்சி என்றால் நம் பக்கத்தில் ஜெர்மன், ஜப்பான் மொழிகளைத்தான் சொல்கிறார்கள். ஸ்வீடனுக்குப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர் ஆபீசில் ஆங்கிலத்தை வைத்தே சமாளித்துவிடுவார். கூடப் போகும் மனைவி பாடுதான் திண்டாட்டம். என் மகள் மாப்பிள்ளையோடு கோத்தன்பர்க் நகரத்துக்கு அப்படிப் போனவள்தான்.

அவள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் துணி துவைக்கும் அறை எல்லா வீட்டுக்கும் பொது. முன்கூட்டியே நேரம் குறித்துவைக்க வேண்டும், இயந்திரத்தில் சேரும் பஞ்சைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். விதிகள் அத்தனையும் சுவரில் ஸ்வீடிஷில் ஒட்டியிருக்கின்றன. நேரம் தாண்டினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை, ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். திட்டு வாங்கியதைத் தெரிந்துகொள்ளவே மொழி தேவைப்படுகிறது!

பேரனின் பாலர் பள்ளியில் டீச்சரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 1960களின் பிற்பகுதியிலிருந்து டாக்டர், மேலதிகாரி என்று பாராமல் எல்லோரையும் ஒருமையில் பேசும் வழக்கம் அங்கே பரவிவிட்டது. மகளுக்கு ரொம்ப நாள் நாக்கு கூசியது. யார் வீட்டிலாவது சாப்பிட்டு வந்தால், அடுத்த முறை பார்க்கும்போது போன தடவைக்கு நன்றி சொல்வதும் அங்கே ஒரு மரியாதை. ஆறு மணிக்கு அழைத்தால் ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். செருப்பை வெளியே விடுவது மட்டும் நம் வழக்கம்போலவே. வேலைக்கு நடுவே எல்லோரும் கூடிக் காபி குடிக்கும் 'ஃபீக்கா'வைத் தட்டிக்கழிக்கக் கூடாதாம். காபி சுமார்தான் என்கிறாள். டிகிரி காபி குடித்து வளர்ந்தவளுக்கு எந்த ஊர்க் காபிதான் பிடிக்கும்?

அங்கே குடியேறியவர்களுக்கு நகராட்சியே இலவசமாக ஸ்வீடிஷ் கற்றுத்தருகிறது. சரி, ஆனால் அங்கே போய்ப் பதிவு செய்து அடையாள எண் வாங்கிய பிறகுதான் சேர முடியும். அனுமதி வரும்வரை மாதக்கணக்கில் இங்கே சும்மா இருக்கும் காலம் வீணாகிறது. அந்த நேரத்தில் மகள் ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டினாள். ஆங்கிலக் குறிப்புகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததோடு சரி.

தமிழாசிரியை என்பதால் சொல்கிறேன், தமிழ் வழியாகவே இதை நன்றாகச் சொல்லித்தரலாம். ஸ்வீடிஷில் குறில், நெடில் மாறினால் பொருள் மாறும்: 'தக்' என்றால் நன்றி, 'தாக்' என்றால் கூரை. ஆங்கிலப் பழக்கத்தில் மகள் 'டக்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பல்லில் நாக்கு படும் நம் தகரம்தான் அங்கே வேண்டியது. நான் வருகிறேன், அவள் வருகிறாள் என்று வினைமுற்று மாறுவதும் கிடையாது, எல்லோருக்கும் 'கொம்மெர்' ஒன்றே. வாக்கிய அமைப்புதான் படுத்துகிறது. 'நாளைக்கு' என்று தொடங்கினால் உடனே வினை வர வேண்டும், எழுவாய் அதற்குப் பின்னால். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்குப் பாதிப் புத்தகத்தை இதற்கே ஒதுக்கினாலும் தகும்.

ஸ்வீடன் நமக்கு ஒன்றும் அந்நியமல்ல. தரங்கம்பாடிக் கோட்டையை டென்மார்க்காரர்கள் கட்டினார்கள். பலர் இரண்டு நாட்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் 1921 முதல் 1956 வரை தரங்கம்பாடிப் பேராயர்களாக இருந்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். இன்று அந்த நாட்டுப் பள்ளிகளில், போதிய மாணவர்களும் ஆசிரியரும் இருந்தால் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பும் உண்டு.

எனவே தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழ் வழியில் ஒரு ஸ்வீடிஷ் கையேடு கொண்டுவர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன். இலக்கண அட்டவணைகளோடு நிறுத்தாமல் துவைக்கும் அறை அறிவிப்பு, பாலர் பள்ளிக் கடிதம், மருந்துக்கடைப் பேச்சு எல்லாம் அதில் இருக்கட்டும். அந்த மொழியில் சொல்லுக்குச் சொல் ராகம் மாறும் என்பதால் ஒலிப்பதிவும் கூடவே வேண்டும். அப்புறம், டெல்டா மாவட்ட நூலகங்களில் படிகள் கிடைக்க வேண்டும். மெய்ப்புத் திருத்த ஆள் வேண்டுமென்றால் சம்பளமில்லாமல் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கூறைநாடு, மயிலாடுதுறை.