தீர்த்தக் கேணித் திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர் அனைவருக்கும் வணக்கம்.

எமது ஆலயத் தீர்த்தக் கேணியைத் தூர்வாரிப் படிகட்டும் திருப்பணி மாரிக்கு முன்னரே நிறைவெய்தியது. வரவு செலவுக் கணக்கும் உபயகாரர் விபரமும் தனித்தாளில் உள்ளன. ஒரே மூச்சில் பெக்கோ இயந்திரத்தை இறக்கி அள்ளியிருக்கலாமே என்று அங்கத்தவர் பலர் கேட்டிருந்தனர். அந்தக் கேள்விக்கே இங்கு விரிவாகப் பதில் தருகிறோம்.

காரணம், கேணியில் வாழும் சிறுமீன்கள். அவை திருகோணமலைக்கு நெருக்கமானவை. அங்குள்ள கன்னியா வெந்நீரூற்றில் பிடிக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டே பிரான்சிய விலங்கியலாளர் வலன்சியென், 1842இல் நீண்ட மீசையுடன் நீர்மட்டத்தில் துள்ளும் ஈசோமஸ் தெர்மொய்கோஸையும், 1844இல் புன்டியஸ் தெர்மாலிஸ் என்ற கெண்டையையும், 1846இல் அயிரையையும் அறிவியலுக்கு விபரித்தார். மூன்றும் எமது கேணியில் உண்டு. இவை நாடளவில் அழிவின் விளிம்பில் இல்லை. கேகாலை மாவட்டத்துப் பந்துல கெண்டையின் நிலை வேறு. 1991இல் விபரிக்கப்பட்டபோது கலபிட்டமடப் பக்கத்தில் ஒரேயோர் ஓடையில்தான் அது இருந்தது. அந்த ஓடை கெட்டிருந்தால் இனமே போயிருக்கும். எமது கேணிக்கும் அப்படியொரு தனிமை வந்திருக்கிறது. சுற்றியுள்ள தாழ்நிலங்களை நிரப்பி வீடு கட்டிவிட்டார்கள். முன்பு மாரி வெள்ளத்தோடு அயற்குளங்களிலிருந்து ஏறிவந்த மீனுக்கு இப்போது வழியில்லை. ஒருமுறை முற்றாக வற்றவைத்தால் அயிரை தானாகத் திரும்பி வராது.

ஆகவே கேணியை மண்மூட்டை அணையால் இரண்டாகப் பிரித்து, நீர் மிகக் குறையும் ஆவணியில் கிழக்குப் பாதியைத் தொடங்கினோம். நீரிறைக்கும் பம்பியின் உறிஞ்சுவாயைத் துளையிட்ட பிளாஸ்ரிக் பீப்பாவுக்குள் வைத்து, வெளியே இரண்டு மடிப்பு நுளம்புவலை சுற்றினோம். வெறும் வாயை இறக்கினால் குஞ்சுகள் விசிறியில் அரைபட்டுப் போகும். வலையில் பாசி அடைத்தால் பம்பி காற்றிழுக்கும் என்பதால் ஒருவர் பக்கத்திலேயே நின்று துடைக்க வேண்டியிருந்தது. கடைசி ஓரடி நீரை வாளியால் மட்டுமே இறைத்தோம்.

கெண்டையை நுளம்புவலையால் அரித்துப் பிடிப்பது எளிது. அயிரை அப்படி அகப்படாது. ஆளரவம் கேட்டதும் சேற்றுக்குள் புதைந்துவிடும். நீரில் மூச்சுக்காற்றுக் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கும் மீன் அது. ஈரச்சேற்றில் சில மணிநேரம் தாங்கும். எனவே வெட்டிய சேற்றை உடனே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றாமல், மறுபாதி நீரோரத்துச் சரிவில் மெல்லிய படையாகப் பரப்பி ஓரிரவு விட்டோம். பெரும்பாலானவை நெளிந்து நீருக்குள் இறங்கின. மிஞ்சியவற்றைக் காலையில் கால் அங்குலக் கண் சல்லடையில் அலசி எடுத்தோம். மீனை மாற்றும் வேலை முழுவதையும் வெயில் ஏறுமுன் முடித்தோம். வாளி நீரில் புது நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து கால் மணிநேரம் பொறுத்த பின்பே விட்டோம். பிறநாட்டு மீனான திலாப்பியாவையும், யாரோ கொண்டுவந்து விட்ட, டேங்க் கிளீனர் எனும் மீன்தொட்டி வளர்ப்பு மீனையும் திரும்ப விடவில்லை. பின்னது கரையைக் குடைந்து வளை தோண்டுவதால் படிக்கட்டின் அடிமண்ணே சரியும்.

தூர்வாரும்போது பல குளங்களில் நேரும் கேடு, ஆழம் வேண்டுமென்று அடிக்களிமண்ணையும் சேர்த்து அள்ளிவிடுவது. கீழே சரளை தெரிந்துவிட்டால் தை மாதத்து நீர் சித்திரைக்கு நிற்காது. அதனால் இரண்டடிச் சேற்றோடு நிறுத்தினோம். நடுவில் மட்டும், களிமண் தடிப்பாக இருந்த இடத்தில், பத்தடிக்குப் பத்தடி மடு ஒன்றை மேலும் மூன்றடி தாழ்த்தியிருக்கிறோம். கச்சான் காற்று வீசி நீர் வற்றும் காலத்தில் மீன் ஒதுங்க அது வேண்டும்.

படிகள் மூன்று பக்கம் மட்டுமே. வடக்குக்கரை மண்சரிவாகவே, நாலுக்கு ஒன்று என்ற சாய்வில் விடப்பட்டுள்ளது. நாலு பக்கமும் சீமெந்துச் சுவராக எழுப்பினால் குஞ்சு வளர ஆழமற்ற நீரே இராது. சரிவின் அடியில் நாலடி அகலத்துக்கு ஆறங்குல மணற்படுக்கை இட்டோம்; கேணியிலிருந்தே எடுத்துக் கழுவிய பழைய மணல் அது. கடல்மணலைச் சிலர் தர முன்வந்தனர். உப்பும் சிப்பித்தூளும் உள்ளதால் ஏற்கவில்லை. ஆம்பலை வடமேற்கு மூலையில் மட்டும் விட்டு, நீர்க்களைகளான சல்வீனியாவையும் ஆற்றுவாழையையும் கையால் களைந்தோம்.

புதுச் சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரைக் காரமாக்கி மீனின் செவுளை அரிக்கும். படி கட்டிய பாதியை நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, அந்த நீரைத் தென்னைகளுக்கு இறைத்தோம். சோதனைத்தாளில் காரத்தைக் காட்டும் pH அளவு எட்டரைக்குக் கீழே வரும்வரை இதைத் திரும்பச் செய்தோம். வேலை நீண்டதற்கு முதற்காரணம் இதுவே. அதன் பின்னரே மற்றப் பாதிக்குப் போனோம்.

மேலதிக நீர் வெளியேறும் வான் வாயில் கம்பிவலை போட வேண்டும் என்று ஒரு கருத்து இருந்தது. மாரியில் மருதஞ்சருகு வலையை அடைத்தால் நீர் கட்டுக்கு மேலால் பாய்ந்து கரையை உடைக்கும். அதற்குப் பதிலாக இரண்டடிச் செங்குத்து வீழ்ச்சி கட்டினோம். வயல் வாய்க்காலிலிருந்து திலாப்பியா ஏற முடியாது. அதே வீழ்ச்சி கீழிருந்து வரும் கெண்டையையும் தடுக்கும். திலாப்பியா மீண்டும் பெருகுவதைவிட அது சிறிய இழப்பு என்று சபை தீர்மானித்தது.

முதல் மழைக்குப் பின் வடக்குக்கரையில் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக நிற்கின்றன. மணற்படுக்கையில் அயிரை தெரிகிறது. திலாப்பியா சிலவும் தப்பியிருக்கின்றன. அவை கூடுகட்டுமுன் வீச்சுவலையால் எடுக்க வேண்டும்.

தீர்த்த உற்சவத்துக்கு முன் பிளீச்சிங் தூள் போடும் வழக்கத்தைச் சபை நிறுத்தியுள்ளது. மாலைகளுக்கும் விளக்கெண்ணெய்க்கும் தெற்குப் படியருகே கற்தொட்டி ஒன்று வைத்துள்ளோம். நீரில் அழுகும் பூ விடியற்புறத்தில் மூச்சுக்காற்றைக் குறைத்துவிடும். எண்ணெய்ப் படலம் நீர்மட்டத்து மீனை மூச்சடைக்கச் செய்யும். நேர்த்திக்காகக் கடைமீன் வாங்கி விட நினைப்போர் அந்தத் தொகையைத் திருப்பணி உண்டியலில் இடலாம். தொட்டியைத் துப்புரவாக்கும் முறைவரிசை ஆலய அறிவித்தல் பலகையில் உள்ளது. வைகாசி வரையுள்ள பெயர்கள் நிரம்பிவிட்டன. ஆனி, ஆடி மாதங்களுக்கு ஆள் தேவை.

இங்ஙனம்,
திருப்பணிச் சபை