பைபர் கிளாஸ் காருக்குப் புட்டி மருந்தல்ல

ஆசிரியருக்கு,

பைபர் கிளாஸ் உடல் கொண்ட பழைய சின்னக் கார்களின் வெடிப்பை வெளியே புட்டி பூசி மறைப்பதை வன்னிக் கராஜ்கள் கைவிட வேண்டும். கிறவல் வீதியின் அதிர்வில் புட்டி கழன்றுவிடும், வெடிப்பும் நீளும்.

வெடிப்பின் இரு நுனியிலும் 3 மில்லிமீற்றர் துளை போட்டால்தான் அது மேலே ஓடாது. பிறகு உட்பக்கத்தைச் சுற்றிவர இரண்டங்குலம் சரிவாகத் தேய்த்து, அசிற்றோனால் துடைத்து, சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள கண்ணாடி நார் விரிப்பை (மேற்) ரெசின் என்ற இறுகும் பசையால் மூன்று படை ஒட்ட வேண்டும். மேற்றின் நிறையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் போதும். கூடினால் நொறுங்கும். ஒவ்வொரு படையையும் உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். குமிழ் நின்ற இடத்தில்தான் அடுத்த வெடிப்பு வரும்.

எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோ ரெசினுக்கு அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 10 கிராம், அதுவும் காலை வேளையில். 20 கிராம் போட்டால் கோப்பையிலேயே இறுகிப் புகையும். இறுகலை விரைவாக்கும் கோபால்ற்றைத் தனியாக வாங்கினால் முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிடுங்கள். ஹார்ட்னரோடு நேரே சேர்த்தால் தீப்பற்றி வெடித்துச் சிதறக்கூடும். இதில் விளையாட்டே வேண்டாம்.

லைற் மங்கினால் பல்பை மாற்ற முன் எர்த் வயரைப் பாருங்கள். பைபர் மின்னைக் கடத்தாது என்பதால் ஒவ்வொரு லைற்றுக்கும் சேசிஸ் (அடிச்சட்டம்) வரை தனி எர்த் வயர் வேண்டும். பிரித்தானியாவின் ரிலையன்ற் போன்ற பைபர் கார்களில் அந்தச் சேசிஸ் இரும்பு. உடல் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் அதைக் கவனியாமல் விடுவதுதான் பெரிய இழப்பு. மழைக்கு முன் அடியைக் கழுவிக் காயவிட்டு, துருவைச் சுரண்டிப் பிறைமர் அடியுங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் பைபர் வள்ளம் திருத்துபவர்களுக்கு இந்த மேற்றும் ரெசினும் நன்கு பழக்கம். கார் வைத்திருப்போர் அவர்களிடம் கேட்கலாம்.

வாசகர்,
ஒட்டுசுட்டான்