சிமுலேட்டரில் தாமதம்: சரிசெய்து தாருங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தாருங்கள்

காக்கி புக்கிட், சிங்கப்பூர்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கார்ப் பந்தயக் குழுவுக்காகப் பிப்ரவரியில் உங்களிடம் வாங்கிய சிமுலேட்டரை, அதாவது ஓட்டுநர்கள் தடத்துக்குப் போகாமலே பயிற்சி எடுக்கும் கருவியை, பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லிப் பதில் வந்தது. புதுப்பித்தோம். கோளாறு அப்படியே இருக்கிறது.

சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது. பந்தயம் நடக்கும் மரினா பே தடம் பொதுச் சாலை. மற்ற நாள்களில் அங்கே பேருந்தும் டாக்சியும்தான் ஓடும். மலேசியாவின் செப்பாங் தடத்துக்குப் போவதென்றால் கார், டயர், ஆள்கள் என்று எல்லாவற்றையும் எல்லை தாண்டிக் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் 68,000 வெள்ளி கொடுத்து இதை வாங்கினோம்.

ஸ்டீயரிங் திரும்பிய 20 மில்லி விநாடிக்குள் திரையில் காட்சியும் திரும்பும் என்று எழுதிக் கொடுத்திருந்தீர்கள். கைப்பேசியில் விநாடிக்கு 240 படம் வீதம் எடுத்து, ஸ்டீயரிங் அசைந்த படத்திலிருந்து திரை அசைந்த படம்வரை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஐந்து படங்களுக்குள் வந்திருக்க வேண்டும். பத்துத் தடவை எடுத்தும் 24க்குக் குறையவே இல்லை. அதாவது 100 மில்லி விநாடி. 180 கிலோமீட்டர் வேகத்தில் கார் அதற்குள் 5 மீட்டர் போய்விடும். பின்சக்கரம் வழுக்குவது ஓட்டுநருக்குப் பிந்தித்தான் தெரிகிறது; பதறி, ஸ்டீயரிங்கை வேண்டியதற்கு மேல் ஒடிக்கிறார். இருக்கை அதைவிடப் பிந்தி ஆடுவதால் அரை மணி நேரத்தில் குமட்டல் வேறு.

சென்ற மாதம் செப்பாங்கில் எங்கள் இளம் ஓட்டுநர் நிஜக் காரிலும் அப்படியே ஒடித்து, சுழன்று, சரளைக்குள் போய் நின்றார். நல்லவேளை, அடி எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை அவருக்குக் கொடுத்தது உங்கள் கருவிதான்.

அப்புறம், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் 4 சதவீத அழுத்தம் காட்டுகிறது. லேசரால் அளந்த புதிய மரினா பே தடம் என்று சிமுலேட்டரில் தந்ததில், 2023இல் நேர்சாலையாக்கிய பழைய 16 முதல் 19 வரையிலான வளைவுகள் இன்னும் இருக்கின்றன. இப்போது மொத்தமே 19 வளைவுகள்தான்.

14 நாள்களுக்குள் ஒரு பொறியாளரை அனுப்பி, எங்கள் கண்முன்னே அதே முறையில் அளந்து சரிசெய்யுங்கள். முடியாதென்றால் கருவியை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். பத்துக் காணொளிகளையும் இணைத்துள்ளேன். அதுவரை எங்கள் ஓட்டுநர்கள் யாரையும் அதில் உட்கார விடமாட்டேன்.

இப்படிக்கு,
குழு மேலாளர்