புதுப்பித்த மறுநாள் என்ன செய்வது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. பழைய பிரவுசர் ஆபத்து, இன்றே புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்று எட்டு வரி. சொன்னதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் திங்களும் செவ்வாயும் என் கடைக்கு வந்தவர்களில் நான்கு பேர், அதைப் படித்துவிட்டு வீட்டிலேயே பிரவுசரைப் புதுப்பித்தவர்கள். நான்கு பேருக்கும் ஏதோ ஒன்று நின்றுபோயிருந்தது. அந்த எட்டு வரிக்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்திருந்தால், அவர்களில் ஒருவருக்கு நேர்ந்த இழப்பைத் தடுத்திருக்கலாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மன்னார்குடியில் 16 வருடமாகக் கணினி மையம் நடத்துகிறேன். ஐந்து சிஸ்டம், இரண்டு பிரிண்டர், ஒரு ஸ்கேனர். பட்டா நகல், வருமானச் சான்று, பயிர்க் காப்பீடு, தேர்வு விண்ணப்பம், ரயில் டிக்கெட் என்று காலையில் கடை திறந்தால் இரவு எட்டு மணி வரை ஆள் இருக்கும். அத்தனை வேலையும் பிரவுசர் வழியாகத்தான் நடக்கிறது. அது ஒரு மணி நேரம் படுத்தால் கடையும் சேர்ந்து படுத்துவிடும்.

முதலில் வந்தவர் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் எடுத்த ஆசிரியர். இப்போது வயது 74. வீட்டு சிபியுவைப் பழைய போர்வையில் சுற்றி, மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு வந்திருந்தார். "ஏம்மா, எல்லாம் போயிடுச்சு. திரும்பி வராதுன்னு மாப்பிள்ளை சொல்லிட்டாரு. இருந்தாலும் உங்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்னு தூக்கிட்டு வந்தேன்" என்றார்.

போனது என்ன என்று கேட்டேன். பென்ஷன் பாஸ்வேர்டு, கரண்ட் பில் பாஸ்வேர்டு எல்லாம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காவிரித் தென்கரையில் பாடல்பெற்ற தலங்கள் 127. தலத்துக்கு ஒரு கோப்புறை போட்டு, பதிகம் எங்கே இருக்கிறது, உரை எங்கே, கல்வெட்டுக் குறிப்பு எங்கே, பாடிய ஒலிப்பதிவு எங்கே என்று ஒன்பது வருடமாக இணையப் பக்கங்களின் முகவரிகளை புக்மார்க்காகச் சேர்த்து வைத்திருந்தார். அதுதான் போய்விட்டது.

போகவில்லை. நடந்தது இதுதான். அவர் கணினியில் பயர்பாக்ஸ் என்ற பிரவுசரின் 32 பிட் பதிப்பு இருந்தது. மாப்பிள்ளை நல்லெண்ணத்தோடு 64 பிட் பதிப்பைப் புதிதாக இறக்கி நிறுவியிருக்கிறார். இரண்டும் வெவ்வேறு கோப்புறையில் உட்கார்ந்துகொள்ளும். 2019 மே மாதம் வெளிவந்த 67ஆம் பதிப்பிலிருந்து பயர்பாக்ஸ், தான் நிறுவப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக ஒரு புரொஃபைல் வைத்துக்கொள்கிறது. புக்மார்க், பாஸ்வேர்டு, நீட்சிகள் (பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்) எல்லாம் அந்தப் புரொஃபைலுக்குள்தான் இருக்கும். புது வீட்டுக்குக் குடிவந்தாயிற்று; சாமான் எல்லாம் பழைய வீட்டில் பூட்டிக் கிடக்கிறது. அவ்வளவுதான்.

முகவரி அடிக்கும் இடத்தில் அபவுட், ஒரு முக்காற்புள்ளி, புரொஃபைல்ஸ் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்தேன். இரண்டு புரொஃபைல் பட்டியலில் வந்தன. ஒன்றுக்குக் கீழே, இது இப்போது பயன்பாட்டில் இருக்கிறது, அழிக்க முடியாது என்று குறிப்பு. இன்னொன்றைத் தனி ஜன்னலில் திறக்கச் சொன்னேன். பழைய சிஸ்டம், கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு இடது பக்கத்தில் திருவிளமர், திருக்கரவீரம், திருப்பெருவேளூர், தலையாலங்காடு என்று கோப்புறைகள் வரிசையாக இறங்கின. சார் என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டார். மேலே போய், விரலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே கீழே வந்தார். 127 இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி ஒரு முறை எண்ணினார். அந்தப் புரொஃபைலையே இனி இயல்பாகத் திறக்கும்படி அமைத்துக் கொடுத்தேன். புக்மார்க் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து அவருடைய பென் டிரைவிலும் போட்டேன். மொத்தம் பத்து நிமிட வேலை.

இரண்டாவது வந்தவருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வடுவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவின் செயலாளர். குரோமைப் புதுப்பித்த பிறகு குழுவின் கணக்குத் தளம் மட்டும் வெள்ளைத் திரையாக நின்றிருக்கிறது. போனில் யாரோ, "அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க, சரியாயிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். குரோமை நீக்கும்போது, உலாவல் தரவையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். அதில் அந்தப் பெண் டிக் அடித்துவிட்டார். பிரவுசரில் கூகுள் கணக்கு போட்டு வைக்கவில்லை. பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் பதிவில் இருந்தது முந்தைய செயலாளரின் செல்போன் எண். அவர் திருப்பூருக்குக் குடிபோய் எண்ணையும் மாற்றிவிட்டார். குழுத் தீர்மானத்தின் நகல், எல்லா உறுப்பினர் கையெழுத்து, வங்கிக் கிளைக்கு மூன்று நடை. தவணை கட்டும் வாரத்தில் இது நடந்தது. வயல் வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார்கள்.

எனக்கு மனது ஆறாத இடம் எதுவென்றால், அதே வாரம் அதே தளம் என் கடை சிஸ்டத்திலும் வெள்ளைத் திரையாகத்தான் நின்றது. முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சிறு குறியை அழுத்தி, அந்த ஒரு தளத்தின் குக்கீகளையும் (தளம் நம் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) சேமித்த தரவையும் மட்டும் நீக்கினேன். பக்கம் வந்துவிட்டது. பழைய பதிப்பில் சேர்ந்திருந்த மிச்சம் புதியதோடு ஒத்துப்போகவில்லை, வேறொன்றும் இல்லை. இதை அவருக்கு யாராவது தமிழில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

இதை நான் யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. 2019 மே 4ஆம் தேதி காலை நானே இதே தவறைச் செய்தேன். அன்று உலகம் முழுக்க பயர்பாக்ஸில் நீட்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முடங்கின. பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா, நீட்சிகள் நம்பத்தக்கவை என்று கையெழுத்திடப் பயன்படுத்திய மின்னணுச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. வாடிக்கையாளர்களின் விண்ணப்ப எண்களை நான் ஒரு குறிப்பேட்டு நீட்சியில் எழுதி வைத்திருந்தேன். பதறிப்போய் அதை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். நீட்சியை நீக்கினால் அதற்குள் சேமித்ததும் போய்விடும் என்பது அன்றுதான் தெரிந்தது. மறுநாளே 66.0.4 பதிப்பு வந்து சரியாயிற்று. ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் எதுவும் போயிருக்காது. அன்றிலிருந்து எண்களை நோட்டில்தான் எழுதுகிறேன்.

மற்ற இருவர் விஷயம் சின்னது. ஒருவருக்கு எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வந்தது. புதுப்பித்ததால்தான் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார். கீழே மூலையில் தேதியைப் பார்த்தேன். பல வருடம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பின்னுக்குப் போய்விட, தளங்களின் சான்றிதழ் எதையும் பிரவுசரால் ஏற்க முடியவில்லை. சிஆர் 2032 பேட்டரி ஒன்று மாற்றினேன், தீர்ந்தது. இன்னொருவருக்குப் பணம் கட்டிய பிறகு ரசீது வரவில்லை. ரசீது வர வேண்டிய பாப்அப், அதாவது தானாக எழும் தனி ஜன்னல், தடுக்கப்பட்டிருந்தது, முன்பு கொடுத்திருந்த அனுமதி புதுப் புரொஃபைலில் இல்லை. அவர் ரசீது வரவில்லை என்று இரண்டாவது முறையும் பணம் கட்டப் போனார். நல்லவேளை, அதற்கு முன் கடைக்கு வந்துவிட்டார்.

இவ்வளவு சொன்னதால் புதுப்பிக்கவே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி விட்டுவைத்தவர்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் 7 சிஸ்டங்களுக்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்தது. குரோம் அதில் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110க்கு விண்டோஸ் 10 வேண்டும். பயர்பாக்ஸும் அதற்கு 115தான் கடைசி வரிசை. அந்த வரிசையிலேயே 115.13க்குக் கீழே விட்டுவைத்தவர்களுக்கு, 2025 மார்ச் 14ஆம் தேதி ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது நீட்சிகள் மறுபடியும் பிரச்சினை செய்தன. புதுப்பிக்காமல் இருப்பதும் ஒரு நாள் இப்படித்தான் வந்து நிற்கும்.

தளம் நடத்துகிறவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. பெயர் வேண்டாம், ஒரு துறையின் தளம் இன்றும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இருந்தால்தான் டிஜிட்டல் கையெழுத்து இடும் பெட்டியையே காட்டுகிறது. அந்த பிரவுசருக்கு 2022 ஜூன் 15ஆம் தேதி விடைகொடுத்தாயிற்று. இப்போது எட்ஜ் பிரவுசரில் அமைப்புகளுக்குள் போய், 'எக்ஸ்புளோரர் பயன்முறை' என்பதை அனுமதித்து, அந்தத் தளத்தின் முகவரியைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் அது 30 நாள்தான் நிற்கும். 31ஆம் நாள் மறுபடி சேர்க்க வேண்டும். என் கடையில் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியும், செய்துகொள்கிறேன். கிராமத்திலிருந்து முதல் பேருந்தில் வந்து, கடைசித் தேதியன்று வேறொரு கணினி முன்னால் உட்காருகிற ஒப்பந்தக்காரருக்கு இது எப்படித் தெரியும்? தளத்தில் இதைப் பற்றித் தமிழில் ஒரு சொல்கூட இல்லை. ஆங்கிலத்தில் இருப்பதும், உங்கள் பிரவுசர் ஏற்கப்படவில்லை என்ற ஒற்றை வரிதான்.

இன்னொன்றையும் தங்கள் செய்தியோடு அவசியம் சேர்த்திருக்க வேண்டும். ஏதோ ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையை மறைத்துக்கொண்டு, 'உங்கள் பிரவுசர் பழையது, இங்கே அழுத்துங்கள்' என்று வந்தால் அழுத்தக் கூடாது. அப்படி வந்து வைரஸை இறக்கிய சிஸ்டங்களை என் கையால் பார்மட் செய்திருக்கிறேன். உண்மையான புதுப்பிப்பு பிரவுசரின் சொந்த மெனுவுக்குள், உதவி என்பதன் கீழே, அந்த பிரவுசரைப் பற்றிய பக்கத்தில் இருக்கும். புதுப்பியுங்கள் என்று நாளிதழே சொன்ன வாரத்தில் ஜனங்கள் இந்தப் போலிப் பெட்டிகளை இன்னும் சுலபமாக நம்புவார்கள்.

குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும் மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள முடியும். ஆனால் ஏதாவது கோளாறு என்று தேடினால், ஊரில் உள்ளவருக்குப் புரிகிற தமிழில் பதில் கிடைப்பது அரிது. அதனால்தான் போனில் யாரோ சொல்வதைக் கேட்கிறார்கள். போனில் யாரும் முதலில் சொல்வது அழித்துவிட்டுத் திரும்பப் போடு என்பதுதான். தங்கள் நாளிதழ் எங்கள் ஊரில் டீக்கடையிலும் சலூனிலும் நூலகத்திலும் கிடக்கிறது. வாரம் ஒரு கால் பத்தி ஒதுக்குங்கள். புதுப்பிக்கும் முன் புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் எப்படி எடுத்து வைப்பது, புதுப்பித்த பின் ஒரு தளம் மட்டும் திறக்காவிட்டால் என்ன செய்வது, எல்லாத் தளமும் திறக்காவிட்டால் தேதியைப் பாருங்கள், திரை கறுத்துப்போனால் அமைப்புகளில் ஹார்ட்வேர் முடுக்கத்தை (படம் காட்ட கிராபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்தும் வசதி) நிறுத்திப் பாருங்கள், பயர்பாக்ஸ் ஒழுங்காக ஓடாவிட்டால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே திறந்து நீட்சிகள் இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள் என்று, வாரத்துக்கு ஒன்றாக எழுதினால் போதும்.

செவ்வாய்க்கிழமை இரவே இவற்றை ஒரு ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அடித்துக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டேன். முதல் வரி, 'எதையும் அழிப்பதற்கு முன் யாரிடமாவது காட்டுங்கள்' என்பது. புதன்கிழமை சார் வந்து பார்த்துவிட்டு, இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்தார். திருத்திய நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பயன்படுமானால் அப்படியே வெளியிட்டுக்கொள்ளலாம். என் பெயர் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் ஒரு வாசகி,
மன்னார்குடி.