முரசுக்காரர்களையும் படம் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரேசிலின் ரியோ கார்னிவல் திருவிழாவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. படங்கள் எல்லாம் அருமை. ஆனால் அத்தனையும் இறகுக் கிரீடம் வைத்த நடனப் பெண்கள்தான். முரசு அடிப்பவர் ஒருவர்கூட இல்லை. லண்டனில் எங்கள் பகுதியில், பிரேசில் நாட்டுச் சம்பா இசை வாசிக்கும் குழுவில் சுர்டோ அடிக்கிறேன். எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

சுர்டோ என்பது தோள்வாரில் மாட்டி அடிக்கும் பெரிய முரசு. மூன்று அளவில் இருக்கும். முதலாவது, அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி தாளத்தைப் பிடித்து நிறுத்தும். இரண்டாவது அதற்குப் பதில் சொல்லும். என்னுடையது மூன்றாவது, இரண்டுக்கும் இடையில் புகுந்து விளையாடும். ரியோ ஊர்வலத்தில் ஆடிப் பாடி வரும் குழுக்களைச் சம்பா பள்ளி என்பார்கள். 1928இல் தொடங்கிய மங்கேரா என்ற பள்ளியில் அந்தப் பதில் சுர்டோவே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வருவது அவர்கள்தான் என்று தெரிந்துவிடும்.

அந்தப் பள்ளிகளை வளர்த்தவர்கள் குன்றுச் சரிவுகளில் வாழும் ஏழை மக்கள். அகலப் பாவாடை சுழல ஆடும் பயானா அணியில் பாட்டிகள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் படமாவது போட்டிருக்கலாம்.

எங்கள் குழுவில் நர்ஸ், பஸ் ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று எல்லாரும் உண்டு. தாளத்தை வாயால் சொல்லித்தான் கற்றுக்கொள்கிறோம். அப்புறம் விசில் ஊதினால் அத்தனை கைகளும் ஒரே கணத்தில் நிற்கும்.

அடுத்த கார்னிவலுக்கு ஒரு பத்தியாவது இந்த முரசுக்காரர்களைப் பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்