சேர்த்துவிட்ட பிறகு யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, கட்-ஆஃப் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். தேவைதான். ஆனால் ஜூனில் சேர்ந்த பிள்ளை ஜனவரியில் வகுப்பில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரி அலுவலகம் ஒன்றில், பெரும்பாலும் உதவித்தொகைப் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கண்டதைச் சொல்கிறேன்.

காசு விஷயத்தில் தமிழ்நாட்டைக் குறை சொல்ல மாட்டேன். தொழிற்படிப்புகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-11லிருந்து இருக்கிறது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விடுதிக் கட்டணம் உட்பட அரசே கட்டுகிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் 2022இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் வந்தன. கல்லூரிக் கனவு என்று வழிகாட்டுகிறார்கள், சேராமல் நின்றவர்களை உயர்வுக்குப் படி முகாமுக்குக் கூப்பிட்டுச் சேர்க்கிறார்கள். சரி, சேர்த்துவிட்ட பிறகு?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா மகனுடைய சர்ட்டிபிகேட்டுகளைத் திரும்பக் கேட்டு வந்தார். பையன் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போய்விட்டானாம். ஏன் என்றேன். "ஃபெயிலாயிட்டான் சார்." எடுத்துப் பார்த்தால் முதல் செமஸ்டரில் இரண்டு தாளில் 'ஆர்.ஏ.', அதாவது மறுபடி எழுத வேண்டும், என்றிருந்தது. வெறும் அரியர். கல்லூரிக்கு வந்துகொண்டே அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. பெயிலானால் அந்த வருஷம் போச்சு என்ற பள்ளிக்கூடக் கணக்கிலேயே மூட்டையைக் கட்டிவிட்டான். படித்தவர்கள் வீட்டில் என்றால் அண்ணனோ அத்தை மகனோ "விட்றா, அடுத்த தடவை கிளியர் பண்ணிக்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவன் வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. முதல் தலைமுறைச் சான்றிதழுக்கு எத்தனையோ தாள் கேட்கிறோம், இதைக் கேட்க ஒரு கட்டம் அதில் கிடையாது.

அவன் ஒருவன் கதை மட்டுமல்ல. இந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்று கொடுக்கும் போனஃபைடு சான்றிதழ் என்றால் என்ன, வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும், தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது, எல்லாமே யாராவது சொன்னால்தான் தெரியும். உதவித்தொகை இன்னொரு கூத்து. பிள்ளை கொடுத்த பாஸ்புக் ஒரு வங்கி, ஆதார் இணைந்திருப்பது என்றைக்கோ ஊர் முகாமில் திறந்த வேறொரு கணக்கு. பணம் அங்கே போய்க் கிடக்கும், பிள்ளை இங்கே தினமும் கவுண்ட்டரில் வந்து நிற்கும். கூட்ட நேரத்தில் "நோட்டீஸ் போர்டைப் பார்க்கத் தெரியாதா" என்று நானே விரட்டியிருக்கிறேன். அந்த போர்டில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். அதுவரை தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அது எப்படிப் புரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இருபது, முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்று மென்டார் முறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வரும்போது பதிவேடு பளிச்சென்று இருக்கும். அதில் கையெழுத்துப் போடும் கௌரவ விரிவுரையாளர் பாவம், தன் வேலை அடுத்த வருஷம் இருக்குமா என்ற கவலையில் இருப்பார்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் இதே வேலையாக ஒருவர் வேண்டும். அவர் எதிரே பிள்ளை உட்கார ஒரு நாற்காலி. சேர்க்கை நாளிலிருந்து முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்வரையாவது அவர் இருக்க வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட வேண்டும், ரிசல்ட் அன்று அரியர் வைத்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும். கூடவே அரியர் வைத்துத் தேறிய மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நாலு பேரை, கைச்செலவுக்கு ஏதாவது கொடுத்து, வைத்துக்கொள்ளலாம். நாங்கள் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் சீக்கிரம் ஏறும்.

அந்தப் பையனுக்கு அன்றே அலுவலகப் போனிலிருந்து பேசினேன். "வந்துடறேன் சார்" என்றான். அட்வான்ஸ் வாங்கியிருந்தானாம், கழித்துவிட்டு வர வேண்டும். சர்ட்டிபிகேட்டைக் கொடுக்காமல் அம்மாவைத் திருப்பி அனுப்பினேன். நான் ஓய்வு பெறும்வரை அது பீரோவில்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்,
வேலூர் மாவட்டம்