மூன்று உரிமையாளர் என்றீர்கள், லாக்புக்கில் நான்கு பெயர் இருக்கிறது

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கிளாசிக் கார் விற்பனைப் பிரிவு.

பொருள்: 1962 ஆல்விஸ் டிடி21 ட்ராப்ஹெட் கூபே (கூரையை மடக்கித் திறக்கும் பிரிட்டிஷ் கார்). விளம்பரத்தில் சொன்ன உரிமை வரலாறு ஆவணங்களோடு பொருந்தாதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்களிடம் வாங்கிய ஆல்விஸ் என் கைக்கு வந்து இன்றோடு 19 நாள் ஆகிறது. வண்டியின் ஓட்டத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2993 சிசி எஞ்சின் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், அழுத்தினால் நேராக நிற்கிறது. மழையில் விட்டுப் பார்த்தேன், கூரைத் துணியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. என் புகார் வண்டியோடு வந்த கதையைப் பற்றியது. அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் நான் பணம் கொடுத்தேன்.

புதிதாக விற்ற நாளிலிருந்து மூன்றே உரிமையாளர்கள், அதில் இரண்டாவது குடும்பம் 1968 முதல் 2009 வரை இடைவிடாமல் ஓட்டியது, ஆவணங்கள் முழுமையாக உள்ளன. உங்கள் விளம்பரம் சொன்னது இது. வண்டியோடு நீங்கள் கொடுத்த ஃபைலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொரு தாளாகப் படித்தேன். விற்பதற்கு முன் உங்களில் ஒருவர் இதைச் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

ஃபைலில் பழைய லாக்புக், அதாவது அந்தக் காலத்து வாகனப் பதிவுப் புத்தகம் இருக்கிறது. கவுண்டி கவுன்சில் முத்திரை குத்திய அசல். அதில் 1962, 1965, 1968, 1971 என்று நான்கு பேர் வரிசையாகப் பதிவாகியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன 1968 குடும்பம் மூன்றாவது பெயர், இரண்டாவது அல்ல. அதுவும் நாற்பது வருடம் வைத்திருக்கவில்லை, மூன்றே வருடத்தில் கைமாற்றிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தாள்கூட இல்லை. எம்ஓடி எனும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையின் பதிவுகளை இணையத்தில் 2005 வரை பின்னோக்கிப் பார்க்கலாம். இந்த வண்டிக்கு முதல் பதிவே 2011இல்தான் வருகிறது. இடைவிடாமல் ஓடிய வண்டி 2005க்கும் 2009க்கும் நடுவில் ஒருமுறைகூட எம்ஓடிக்குப் போகவில்லையா?

அப்புறம் நம்பர் பிளேட். இப்போதைய பதிவுச் சான்றான வி5சியில் இந்தப் பதிவெண்ணை வேறு வண்டிக்கு மாற்ற முடியாது என்று குறிப்பு இருக்கிறது. பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏ வண்டியின் வயதுக்கேற்பக் கொடுக்கும் மாற்று எண்ணாக இருந்தால் அப்படி வரும். ஆனால் இது 1962 லாக்புக்கில் உள்ள அதே எண். அப்படியானால் ஒரே விளக்கம்தான்: வண்டி 1983 நவம்பர் கெடுவுக்குள் ஸ்வான்சியில் உள்ள டிவிஎல்ஏ கணினிப் பதிவில் ஏறாமல் எண்ணை இழந்திருக்கிறது, பிறகு யாரோ பழைய எண்ணைத் திரும்பக் கேட்கும் வி765 முறையில் விண்ணப்பித்து, வேறு வண்டிக்கு மாற்ற முடியாது என்ற நிபந்தனையோடு அதை மீட்டிருக்கிறார்கள். அதாவது நீங்கள் ஓடிக்கொண்டிருந்ததாகச் சொன்ன காலத்தில் அரசுப் பதிவேட்டில் இந்த வண்டியே இல்லை.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் விற்பனையாளர், பதிவில் இருப்பது கீப்பர் (வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவர்), உரிமையாளர் வேறு, நான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறேன் என்றார். சரி, வி5சி உரிமைக்கான சான்று அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது, எனக்கும் தெரியும். அப்படியென்றால் உரிமையாளர்கள் மூன்று பேர் என்று நீங்கள் எதைப் பார்த்து எண்ணினீர்கள்? இந்தக் கேள்விக்கு மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர் இன்றுவரை கூப்பிடவில்லை.

பழைய காருக்கு நாலு பேர் இருந்தால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். சாதாரணக் காராக இருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆல்விஸ் நிறுவனம் கோவென்ட்ரியில் செய்தது சேஸிஸும் (அடிச்சட்டம்) எஞ்சினும். பாடியைக் கட்டியது லண்டனில் பார்க் வார்டு, அடிப்படை வடிவம் சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் கிராபருடையது. தனி சேஸிஸ், தனி பாடி. ஒன்றைக் கழற்றி இன்னொன்றின் மேல் வைக்க முடியும். அதே சேஸிஸில் மூடிய கூரை சலூனும் வந்தது, அதன் விலை திறந்த காரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. எனவே காகிதமே இல்லாத அந்த நாற்பது வருடத்தில் வண்டி கொட்டகையில் சும்மா நின்றதா, பிரித்துப்போட்டுக் கிடந்ததா, வேறொரு வண்டியின் பாடி இதன்மேல் ஏறியதா என்பது வெறும் ஆர்வக் கேள்வி அல்ல. சேஸிஸ் எண்ணையும் பாடி எண்ணையும் தொழிற்சாலைப் பதிவோடு ஒப்பிடக் கேட்டு எழுதியிருக்கிறேன். விற்பதற்கு முன் நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. அதை விட்டுவிட்டு, இளவரசர் ஃபிலிப்பும் டிடி21 ட்ராப்ஹெட் வைத்திருந்தார் என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறீர்கள். வைத்திருந்தார், உண்மைதான். அவர் வண்டியின் வரலாறு என் வண்டிக்கு எப்படி ஒட்டும்?

பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அந்த உரிமையை நான் கைவிடவில்லை. இந்தக் கடிதத்தை அதற்கான அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்தி, வண்டியை வைத்துக்கொள்ள வழியிருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். அப்போது இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும், ஆல்விஸ் தெரிந்த ஒரு மதிப்பீட்டாளரை வைத்து, உண்மையான வரலாற்றோடு இதன் விலை என்ன என்று பார்த்து வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள். பொருந்தவில்லை என்றால் வண்டியை உங்கள் செலவிலேயே வந்து எடுத்துச் செல்லுங்கள். முடிவாகும்வரை நான் இதை ஓட்டப்போவதில்லை. நீங்கள் இந்த வண்டியை யாரிடமிருந்து, என்ன ஆவணங்களோடு வாங்கினீர்கள் என்பதையும், வி765 விண்ணப்பத்தின் நகல் இருந்தால் அதையும் 7 நாளுக்குள் அனுப்புங்கள். தனிப்பட்டவர்களின் முகவரியை மறைத்துக் கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. விற்றாகிவிட்டது என்ற முத்திரையோடு அந்த விளம்பரம் இன்னும் உங்கள் தளத்தில் அப்படியே இருக்கிறது. பத்து வருடம் கழித்து இந்த வண்டியை விற்பவர் அதை அச்செடுத்து ஃபைலில் சேர்த்துவிடுவார், மூன்று உரிமையாளர் கதைக்கு அதுவே ஆதாரமாகிவிடும். பணம் பற்றிய பேச்சு முடியும்வரை காத்திருக்காமல் அந்தப் பத்தியை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

இணைப்பு: லாக்புக், வி5சி, எம்ஓடி பதிவு, விளம்பரம் ஆகியவற்றின் நகல்கள்.

இப்படிக்கு,
ரசீதில் உள்ள தங்கள் வாடிக்கையாளர்